பதினாறு பக்கம் குறைந்த அகராதி

அரக்கோணத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டு அலமாரியில் ஓர் அகராதி குடியிருந்தது. ஆயிரத்து நூறு பக்கம். கெட்டி அட்டை. முதுகில் தங்க எழுத்து. தூக்குகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்பதில் அதற்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அகராதிகள் தம்மை 'நான்' என்று சொல்லிக்கொள்வதில்லை. கௌரவக் குறைச்சல். 'அது' என்றுதான் சொல்லும். அதனால் நானும்... சே, பார்த்தீர்களா! அதனால் இந்தக் கதையிலும் அகராதி 'அது' என்றே வரும். யார் அந்த அகராதி என்று துருவிக் கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

அதே தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் எண்பது எழுத்துகள். வீட்டுக்காரர் தணிகாசலம், ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பிளைவுட்டை அறுத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துத் தானே செய்த கட்டைகள். கூடவே ஒரு நோட்டு, முனை கடித்த ஒரு பென்சில்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் டப்பா மேஜைக்கு வரும். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு பத்து எழுத்துகளை எடுத்துப் பரப்புவார். அவரும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் மாறி மாறி அதே பத்து எழுத்துகளில் சொல் பிடிக்க வேண்டும். பிடித்தவர் அர்த்தமும் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அகராதியைப் பார்ப்பார்கள். இருந்தால் பென்சில் நோட்டில் எழுதும். இல்லாவிட்டால் எழுத்துகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இடத்துக்குத் திரும்பும்.

"அகராதியில் இருந்தால் சொல். இல்லாவிட்டால் வெறும் சத்தம்." இது தணிகாசலம் வைத்த சட்டம். இதைக் கேட்கும்போதெல்லாம் அகராதிக்கு இன்னும் நாலு பக்கம் ஊதிவிட்ட மாதிரி இருக்கும்.

"நம்மள வச்சுதான சொல்லே வருது, இந்தப் பெருசு ஏன் இப்படி அலட்டிக்குது?" என்று டப்பாவுக்குள் 'பு' கேட்கும்.

"மரக்கட்டைகளோடு பேசுவதற்கில்லை" என்று சொல்லிவிட்டு அகராதி அட்டையை இறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவு பெருமை பேசிய அந்த அகராதிக்கு ஒரு ரகசியம் இருந்தது. புத்தகம் அச்சடிக்கும்போது பதினாறு பக்கத்தை ஒரே பெரிய தாளில் அடித்து, மடித்து, ஒரு கட்டாக்குவார்கள். அதற்குப் பாரம் என்று பெயர். பைண்டிங் செய்த இடத்தில் யாருக்கோ கை தவறிவிட்டது. 'த' வரிசையில் 609 முதல் 624 வரையுள்ள பாரத்தை இரண்டு தடவை சேர்த்துத் தைத்துவிட்டார்கள். 'ம' வரிசையில் 833 முதல் 848 வரையுள்ள பாரத்தைச் சேர்க்கவே இல்லை. எடை சரி, தடிமன் சரி, வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே 'மற' வரிசையும் இல்லை, 'மன' வரிசையும் இல்லை. மறதி இல்லை. மனசு இல்லை. மனிதன் இல்லை. மனைவி இல்லை.

பணி ஓய்வு விழாவில் ஆபீஸ்காரர்கள் கொடுத்த பரிசு அது. இரண்டு வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்லை எவர் அகராதியில் போய்த் தேடுகிறார்? உண்மை தெரிந்த ஒரே ஆள் பென்சில்தான். ஒருமுறை அடையாளத்துக்காக அதை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். ஒரு வாரம் உள்ளே கிடந்ததில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது.

"வெளியே சொன்னாயோ, பார்" என்றது அகராதி.

"நான் எதுக்குச் சொல்றேன். கையில் எடுத்தா எழுதுவேன், அவ்வளவுதான்" என்றது பென்சில்.

இப்படியே ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவுடையம்மாளின் தங்கை, தன் சம்பந்தி வீட்டாரோடு வந்திருந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார, ஆட்டம் நடந்தது. ஆவுடையம்மாள் நான்கு எழுத்துகளை நகர்த்தி 'மறுகால்' என்று வைத்தாள்.

"இன்னாது இது?" என்றார் தணிகாசலம்.

"குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போக விட்ட வழி. அது இல்லன்னா கரை ஒடஞ்சு ஊரே போயிரும். எங்க ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்." ஆவுடையம்மாள் அம்பாசமுத்திரத்துக்காரி. அவளுடைய அப்பா, அவள் அய்யா என்றுதான் சொல்வாள், முப்பது வருஷம் குளத்து மறுகாலில் பலகை போட்டு எடுக்கிற வேலை பார்த்தவர்.

தணிகாசலம் அகராதியைப் புரட்டினார். மளிகை வரைக்கும் வந்தார். அடுத்த பக்கம் 'மா'. "இல்லியே ஆவுடை! மனுஷனுக்கு ரெண்டு கால்தான். மாட்டுக்கு நாலு. மறுகால் எந்தப் பிராணிக்கு?"

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நிறுத்தவில்லை. "இவங்க ஊர்ல இப்படித்தான், வாயில வந்ததெல்லாம் தமிழ்!"

"எங்கய்யா அதுல நின்னுதான் எங்க நாலு பேரையும் வளத்தாவ" என்றாள் ஆவுடையம்மாள். குரல் உயரவில்லை. எழுந்து காப்பி போடப் போய்விட்டாள்.

மேஜைமேல் அகராதி விரிந்து கிடந்தது. கொஞ்சம் புரண்டு, 832-க்கு அடுத்து 849 என்று காட்டிச் சொல்ல அதற்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. எழுத்துகளைப் பார்த்து, "வெறும் சத்தம்" என்று முணுமுணுத்துக்கொண்டது. வெட்கங்கெட்டது.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. சமையல், துணி துவைப்பது, எல்லாம் நடந்தது. ஆனால் ஆவுடையம்மாள் குக்கரிடம்தான் பேசினாள். "வெந்தாச்சு, வேணுங்கறவுக வந்து போட்டுக்கலாம்." தணிகாசலம் பேப்பரிடம் பேசினார். "ஒருத்தருக்கு மாத்திரை தீந்துபோச்சாம், வாங்கியாந்து வச்சிருக்கேன்." குக்கருக்கும் பேப்பருக்கும் தலைவலியே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் தங்கைக்குப் போன் செய்து ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வண்டி. போவதற்கு மட்டும்தான் டிக்கெட். திரும்புவதற்குப் போடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை டப்பாவுக்குள் எழுத்துகள் கூட்டம் போட்டன.

"பையில புடவை எடுத்து வச்சாச்சு. ஆறு புடவை. நான் கண்ணால பாத்தேன்" என்றது மூடி இடுக்கில் குடியிருக்கும் 'டு'.

"பெருசு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது" என்றது 'ம'. எழுத்துகளுக்குள் கொஞ்சம் பெரிய வாய் அதற்குத்தான். உடனே அலமாரித் தட்டைத் தட்டியது. "பெருசு! ஒனக்குப் பதினாறு பக்கம் இல்லன்னு ஒத்துக்கயேன்."

அகராதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னது?"

பென்சில் மெதுவாக உருண்டு நோட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

"யார் சொன்னா என்ன? அந்தம்மா சொன்ன சொல்லு ஒன்கிட்ட இல்லாததுக்கு அந்தம்மா என்ன பண்ணும்?"

"ஓர் அகராதியே தவறு என்றாகிவிட்டால், மொழிக்கு என்ன கதி? மக்கள் யாரை நம்புவார்கள்? அகராதி சொல்லக் கூசுவது தனக்காக அல்ல. தமிழுக்காக."

'பு' சிரித்த சிரிப்பில் டப்பா குலுங்கியது. "தமிழுக்காகவாமே! பழைய பேப்பர்காரர் தராசுல ஏறணுமேன்னு பயம். சொல்லிட்டுப் போயேன்!"

அதுதான் உண்மை. முழுதாக இல்லாத அகராதியை யார் வைத்துக்கொள்வார்? போன மாசம் பழைய பேப்பர் கடைக்குப் போன டெலிபோன் டைரக்டரியை அது மறக்கவில்லை. அதற்கும் முதுகில் தங்க எழுத்து இருந்தது.

"சரி விடு. இதை நம்பிப் பிரயோஜனம் இல்ல" என்றது 'ம'. "நாளைக்கு அவரு கை உள்ள வரும்போது யாரு யாரு மேல இருக்கணும்னு நான் சொல்றேன். னி! தூங்காத, எந்திரி!"

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தது. பை வாசல் கதவோரம் தயாராக நின்றது. டப்பா மேஜைக்கு வந்தது. இத்தனை சண்டையிலும் ஆவுடையம்மாள் வந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் ஆட்டத்துக்கு உட்காராமல் எழுந்து போனால் தோற்றதாகக் கணக்கு. தோற்றுவிட்டு ரயில் ஏற அவள் தயாராக இல்லை.

தணிகாசலம் கண்ணை மூடிக் கையை விட்டார். எழுத்துகள் முண்டியடித்துக்கொண்டு அவர் விரலில் ஏறின. மேஜைமேல் வரிசையாக விழுந்தன: ம, க, த, ன், வ, னி, ப், ல், டு, பு.

அவர் 'கல்' வைத்தார். அவள் 'புல்' வைத்தாள். அவர் 'தகவல்'. அவள் 'தடுப்பு'. அவர் 'கனி'. அர்த்தங்களை இருவரும் நோட்டிடம் சொன்னார்கள். மணி இரண்டரை.

அவள் 'தப்பு' என்று வைத்தாள்.

"அர்த்தம்?" என்று தணிகாசலம் பென்சிலைக் கேட்டார்.

"செஞ்சவுகளுக்கு மறந்துபோவும். பட்டவுகளுக்கு மறக்காது."

தணிகாசலம் அகராதியைத் தொடவில்லை. "இருக்கும்" என்று எழுதிக்கொண்டார். அகராதிக்கு உள்ளே வியர்த்தது. இருக்கிறதாவது! இரண்டு தடவை இருக்கிறது.

அவர் முறை வந்தது. ரொம்ப நேரம் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'தப்பு' வைத்த இடத்திலிருந்து ப்-பையும் பு-வையும் எடுத்தார். அவை இல்லாமல் அவர் சொல் வராது. 'ம'வை நகர்த்தினார். அப்புறம் ன். அப்புறம் னி. பார்சல்மேல் சீல் குத்திக் குத்திக் காய்த்துப்போன கை.

மன்னிப்பு.

எழுத்துகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. இதற்காகத்தானே இத்தனை பாடு.

ஆவுடையம்மாள் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனால் ஏழு நாள் கோபம் லேசில் விடுமா? "அர்த்தம்?" என்றாள்.

தணிகாசலம் கட்டைகளை நேராக்கினார். "அர்த்தம்... அதான். இதுதான்."

"அர்த்தம் சொல்லலன்னா புஸ்தகத்துல பாக்கணும். நீங்க வச்ச சட்டம்."

"இது தெரியாத சொல்லா ஆவுடை?"

"தெரிஞ்சாலும் பாக்கணும்."

அகராதியை இழுத்து விரித்தாள். இருக்கும் என்று நினைத்துத்தான் தேடினாள். கொஞ்சம் காக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் எண்ணம். மளிகை. அடுத்தது மா. திரும்பத் தேடினாள். மளிகை, மா. கோபத்தில் தேடுகிறவர்கள் பக்க எண்ணைப் பார்ப்பதில்லை. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"இல்ல" என்றாள். "அகராதில இல்லன்னா வெறும் சத்தம். செல்லாது."

எழுந்துவிட்டாள். முகம் கழுவப் போனாள். தணிகாசலம் ஐந்து கட்டைகளையும் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், அடி வாங்கியவர் மாதிரி இருந்தார்.

"பெருசு!" மேஜைமேலிருந்து 'ம' கத்தியது. "அந்தாளு எவ்வளவு கஷ்டப்பட்டு வச்சாரு, பாத்தல்ல? இப்பவாவது!"

"மனிதர்களிடம் பேச முடியாது" என்றது அகராதி. இந்தத் தடவை அதில் கர்வம் இல்லை. "வெறும் புத்தகம். யாராவது திறந்தால்தான் உண்டு."

"அப்ப விழு!" என்றது 'டு'. அன்று முழுவதும் ஒரே ஒரு சொல்லில்தான் அதற்கு வேலை கிடைத்திருந்தது, அந்தக் கடுப்பும் சேர்ந்துகொண்டது. "விழத் தெரியாதா? அவ்வளவு கனம் இருக்கியே, அதுக்காவது உபயோகப்படு!"

ஆவுடையம்மாள் முகம் துடைத்துக்கொண்டு மேஜையைத் தாண்டிக் கதவுப் பக்கம் நடந்தாள். தராசு அகராதியின் கண்முன் வந்து நின்றது. டெலிபோன் டைரக்டரி வந்து நின்றது. பிறகு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. முதுகைத் தளர்த்தி, மேஜை ஓரத்திலிருந்து தன்னைத் தள்ளிக்கொண்டது.

தொம்மென்று அவள் காலடியில் விழுந்தது. கட்டைவிரலில் பட்டது.

காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஆவுடையம்மாளால் ஒரு அடி நகர முடியாது. ரயிலே போனாலும் சரி. குனிந்தாள். தொட்டாள். விரல் பட்ட இடத்தில் 832 என்றிருந்தது. எதிர்ப் பக்கத்தில் 849.

கையைக் கண்ணுக்குக் கொண்டுபோக மறந்து அப்படியே நின்றாள்.

"ஏங்க. இங்க வாங்க. நடுவுல பக்கத்தக் காணும்."

ஏழு நாளில் கோபமில்லாமல் அவரிடம் சொன்ன முதல் சொற்கள் அவை. தணிகாசலம் வந்து தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புரட்டினார். "அட, த ரெண்டு வாட்டி வந்திருக்குது பாரு. தப்பு இங்கயும் இருக்குது. இங்கயும் இருக்குது. மன்னிப்புதான் எங்கயும் இல்ல."

"அப்பம் என் மறுகால்?"

"அதுவும் இந்தப் பதினாறு பக்கத்துல போயிருக்கும்."

அகராதி கண்ணை மூடிக்கொண்டது. மல்லாந்து, வயிறு தெரிய, இரண்டு பேருக்கு நடுவில். இதைவிட மானக்கேடு ஒரு புத்தகத்துக்கு வரக் கூடாது. ஆனால் பழி தன்மேல் விழுந்ததில் விஷயம் சுமுகமாக முடிந்துவிடும் என்று ஓர் அற்ப ஆறுதலும் அதற்கு வந்தது.

ஆவுடையம்மாளே அப்படித்தான் சொன்னாள். "அப்பம் புஸ்தகம் செஞ்ச வேலை."

தணிகாசலம் தலையை ஆட்டினார். "இல்ல ஆவுடை. புக்கு மேல போட்டுட்டு நான் தப்பிச்சுக்கக் கூடாது. மறுகால் எனக்குத் தெரியாதா? உன்னப் பொண்ணு பாக்க வந்தப்போ அதுல காலு நனைச்சுட்டுதான உங்க ஊருக்குள்ள நடந்தேன். உங்கப்பா முழங்கால் தண்ணியில நின்னு பலகைய எடுத்துட்டு இருந்தாரு. என்னப் பார்த்ததும் ஈரக் கையத் துண்டுல துடைச்சிட்டுக் கும்பிட்டாரு. அவருதான் மாமனார்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. எல்லாம் தெரிஞ்சேதான் நாலு பேர் முன்னாடி சிரிச்சேன். புக்குல இல்லன்னதும் ஒரு தைரியம். மன்னிச்சுடும்மா."

அகராதி அன்றுதான் அந்தச் சொல்லைக் கேட்டது. அச்சில் அல்ல, கட்டையில் அல்ல. ஒரு மனிதன் வாயிலிருந்து.

ஆவுடையம்மாள் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மொத நாளே சொல்லதுக்கு என்ன? ஆறு புடவைய மடிச்சு வச்சிருக்கேன்" என்றாள். நாலு மணி வண்டி நேரத்துக்கு வந்து, ஜன்னல் கம்பிகளை அதிர வைத்துவிட்டு, அவள் இல்லாமலே போயிற்று.

"இத இன்னா பண்ணலாம்? பழைய பேப்பருக்குப் போட்டுடலாமா?" என்று தணிகாசலம் அகராதியைத் தூக்கினார்.

மேஜைமேல் எழுத்துகள் நிமிர்ந்து பார்த்தன. 'பு'கூடச் சிரிக்கவில்லை.

"எதுக்கு? கொறையறத நாம எழுதி ஒட்டிக்கிடலாம். அதான் ஞாயித்துக்கெழம தோறும் அர்த்தம் சொல்லுதோமே" என்றாள் ஆவுடையம்மாள். மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். முதலில் இரண்டு சொற்களை எழுதி, 832-க்கும் 849-க்கும் நடுவில் ஒட்டினாள். பசை கொஞ்சம் அதிகம். மேல் மூலையில் சுருக்கம். கையெழுத்து கோடு தாண்டிப் போகிறது.

அந்த அகராதி நான்தான். இனிமேல் 'அது', 'இது' என்று மழுப்பிப் பிரயோஜனமில்லை. ஆயிரத்து நூறு பக்கப் பெருமையில் பதினாறு பக்கத்தை மறைத்து வைத்து, ஒரு பெண்பிள்ளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய விட்ட தடியன் நான்தான். எழுத்துகள் இன்னும் என்னைப் பெருசு என்றுதான் கூப்பிடுகின்றன. நேற்று 'ம' கேட்டது: "எங்ககிட்டயும் மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல? இப்பதான் ஒன் வயித்துலயே ஒட்டியாச்சே, இல்லன்னு சாக்குச் சொல்ல முடியாது." நேராகச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக, ஊரைச் சுற்றி, இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னைத் திறக்கிறவர்கள் தங்க எழுத்தைப் பார்க்க வேண்டாம். அந்தக் கோணல் தாளைப் பாருங்கள். ஆவுடையம்மாள் கையால் எழுதியது:

மறுகால்: குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி போக விட்ட வழி. இது இல்லன்னா கரை ஒடஞ்சிரும்.

மன்னிப்பு: மறுகால் என்ற சொல்லைப் பார்க்கவும்.